பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்

போன மாசியில் ஒரு நாள் சாயங்காலம், உண்ணாவிரதம் இருப்பது என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலையிலிருந்து தொடக்கம். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும்.

அவள் எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. வீட்டில்தான் இருந்தாள். ஆனால் மனசு முழுக்க இன்னொருத்தன் இருந்தான். காபி கொடுக்கும்போது அவன் பேச்சு, துணி காயப்போடும்போது அவன் பேச்சு. இன்றைக்கு அவன் சிரித்தானாம். இன்றைக்கு அவனே செருப்பு மாட்டிக்கொண்டானாம். நானும் எத்தனையோ வருஷமாக என் செருப்பை நானேதான் மாட்டிக்கொள்கிறேன், ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் பெயர் இனியன். வயசு மூன்று.

என் பெயர் ஸ்ரீபால். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே மனு அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. பட்டா வரவில்லை, பென்ஷன் நின்றுவிட்டது, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை நகர்த்திவிட்டான், எதுவாக இருந்தாலும் படிக்கிற அதிகாரி கண் கலங்குகிற மாதிரி அடித்துத் தருவேன். அப்படிப்பட்ட எனக்கு என் குறையை எந்த ஜன்னலில் கொடுப்பது என்று தெரியவில்லை.

மனைவி ஜினமதி. மகள் சுருதி கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீடு ஒரே அமைதியாக இருக்கிறது, தாங்க முடியவில்லை என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு மழலையர் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அந்த அமைதியான வீட்டில் நானும் இருந்தேன். அதை அவள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் வந்தது அந்தச் சான்றிதழ். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதாம். பரீட்சை எழுதினால் மட்டும் கிடைத்துவிடாது. போர்ட்ஃபோலியோ என்று ஒரு தடிமனான ஃபைல் தயார் பண்ணி அனுப்ப வேண்டும்.

அதில் என்ன இருக்கும் என்று ஒரு நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். பிள்ளைகளைப் பற்றி அவள் என்ன நம்புகிறாள் என்று எழுத வேண்டும். வாரம் முழுக்க என்ன சொல்லித்தரப் போகிறாள், எந்தப் பாட்டு, எந்தக் கதை, பெற்றோர் அவளைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு பிள்ளையை ஓரமாக உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், வெறுமனே கவனித்து எழுத வேண்டும். அந்தப் பிள்ளைதான் இனியன். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் குறுக்கே பேசாமல் பார்த்தது கிடையாது.

இதுவும் போகட்டும். அந்த ஃபைல் தேறினால், கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளியில் மூன்று மாதம் பயிற்சி. மகளோடு தங்கிக்கொண்டு போய்வருவாளாம். முடித்து வந்தால் இங்கே பள்ளியில் சின்னப் பிள்ளைகள் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. மூன்று மாதம் என்ற வார்த்தைக்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் அன்றைக்கு என் மனசில் ஏறவில்லை.

நாங்கள் சமணர். பொழுது சாய்ந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு கிடையாது. அதிலும் எங்கள் வீட்டுக்கு மட்டும் சூரியன் கொஞ்சம் முன்னாடியே போய்விடும். மொட்டைமாடியில் இருந்து பார்த்தால் மலை குறுக்கே நிற்கிறது. மலைக்குப் பின்னால் போனதும் பொழுது சாய்ந்த கணக்குதான் என்பாள் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்கா சுதர்சனா. நாள்காட்டியில் போட்டிருக்கிற நேரம்தான் கணக்கு என்பாள் ஜினமதி. இந்த வழக்கு எங்கள் கல்யாணத்தன்றே ஆரம்பித்தது, இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஆகவே சாயங்காலம் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஓடிவருவேன். மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவே ஒரு ஸ்டூல், அதன்மேல் இட்லியோ கேழ்வரகு அடையோ. மலை மஞ்சளாக இருக்கும், அப்புறம் செம்மண் நிறம், அப்புறம் கறுப்பு. அது கறுக்கும் வரை அவள் பேசுவாள். யார் வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் புதுக் கொலுசு போட்டிருக்கிறாள், இதெல்லாம் எனக்கு எதற்கு என்று நினைத்துக்கொண்டே கேட்பேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பகல் முழுக்க ஊரார் குறையை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஃபைல் வந்ததிலிருந்து அது போயிற்று. இனியனின் அம்மா வேலை முடிந்து வந்து அவனைக் கூட்டிப்போகும் வரை, ஜினமதி அவனைக் கவனித்துக்கொண்டு பள்ளியிலேயே இருந்தாள். சூரியன் மலையைத் தொடும்போது வந்து, சமையலறையில் நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு, ஃபைலைப் பிரிப்பாள். என் தட்டு மாடியில் ஒரு மூடியின் கீழே இருக்கும். எதிர் நாற்காலியில் காக்காய் உட்கார்ந்திருக்கும்.

அதனால்தான் உண்ணாவிரதம்.

காலையில் இட்லியைத் தொடவில்லை. கடைக்குக் கொண்டுபோன டப்பாவைத் திறக்கவில்லை. வீம்புக்குத் தண்ணீரும் குடிக்கவில்லை. சாயங்காலம் மாடியில் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த தமிழ்செல்வி, வேர்க்கடலை உருண்டை பிடித்ததாகச் சொல்லி ஒன்றைக் கைப்பிடிச் சுவருக்கு மேலே நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு வேர்க்கடலை உருண்டை என்றால் உயிர்.

ஜினமதி வந்தாள். கவிழ்ந்த தட்டைப் பார்த்தாள்.

"சாப்பிடலீங்களா?"

"பசிக்கல."

"மத்தியானம்?"

"டப்பா அப்படியே இருக்குது."

"தண்ணியாவது?"

"குடிக்கல."

இப்போது கண்ணில் தண்ணீர் வரும், ஃபைலைத் தூக்கி மூலையில் போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள், மலையை ஒரு தடவை பார்த்தாள். "ரொம்ப நல்லதுங்க. நானே உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள். சூரியன் மலைக்குப் பின்னால் போனது. நாள்காட்டிக் கணக்கிலும் போனது. இனி சாப்பிட நினைத்தாலும் காலை வரை வழியில்லை.

தாங்க முடியாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். தம்பி பட்டினி என்று கேட்டால் எந்த அக்காவுக்கும் வயிறு எரியும். நாத்தனார் தோரணையில் ஜினமதியை நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்கா, காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல. தண்ணிகூட குடிக்கல."

அந்தப் பக்கம் அக்கா விசும்பினாள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

"அப்பா போனதுக்கப்புறம் நம்ம வீட்ல சதுர்த்தசி நோன்பு எடுக்க ஒரு ஆம்பள இல்லியேன்னு நான் நெனக்காத நாள் இல்லடா ஸ்ரீபாலு" என்றாள்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊரே தயாராகிக்கொண்டிருந்தது. கடைவீதியில் தண்ணீர்ப் பந்தல்கூடப் போட்டுவிட்டார்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் சதுர்த்தசி, சதுர்த்தசி எங்களுக்கு நோன்பு நாள் என்பது எங்கள் வீட்டில் பேசத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோபத்தில் நாள் பார்க்காமல் பட்டினி கிடந்துவிட்டேன்.

விடிந்ததும் பௌர்ணமிக் கூட்டத்தில் இடிபட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டாள் அக்கா. வடிகட்டின தண்ணீர், பயத்தம்பருப்புக் கஞ்சி என்று நோன்பை முறைப்படி முடித்துவைத்தாள். தமிழ்செல்வி கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, வேர்க்கடலை உருண்டையைக்கூட ஏறெடுத்துப் பார்க்காத மனுஷன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி ஒவ்வொரு சதுர்த்தசிக்கும் தம்பி நோன்பிருப்பான் என்று அக்கா அங்கேயே அறிவித்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதில் கஞ்சி ஊற்றினார்கள்.

"அவருக்கு மனஉறுதி ஜாஸ்தி அண்ணி. தனியாவே சமாளிச்சிடுவாரு" என்றாள் ஜினமதி. அப்போது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

உண்ணாவிரதம் தோற்றுப்போனதும் வேறு வழி யோசித்தேன். ஒரு காகிதத்தைத் தடுக்க வேண்டுமானால் வெளியே நின்று கூச்சல் போடக் கூடாது. உள்ளே புகுந்து, அதை நல்ல தமிழில் அடித்துவிட வேண்டும். இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றது அதுதான். அடுத்த நாளே, கையால் எழுதிக் கஷ்டப்படுகிறாயே, நான் அடித்துத் தரட்டுமா என்று கேட்டேன். உடனே சம்மதித்தாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பக்கத்தை என் முழுத் திறமையையும் கொட்டி அடித்தேன். மேற்படி இனியன் என்பவர் தமது தாயாரைப் பிரிய மனமின்றிப் பள்ளி வாயிற்கதவில் கதறி அழுது வருவதால், தாங்கள் கருணை கூர்ந்து மேற்படி நபரின் கண்ணீரைத் துடைக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். இதைப் படிக்கிறவர்கள் ஃபைலை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நம்பினேன்.

ஜினமதி படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை மாதமாயிற்று என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"புள்ள என்ன செஞ்சுதுன்னு மட்டும் எழுதணுங்க. நாம என்ன நெனச்சோம்னு எழுதக் கூடாது. இத இப்பவே திருத்துறீங்களா, சாப்பிட்டுட்டுத் திருத்துறீங்களா?"

"சாப்பிட்டுட்டுத்தான்" என்று கறாராகச் சொன்னேன். என் பேச்சுதான் எடுபட்டது. இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். ஸ்டூலில் இட்லி, மடியில் லேப்டாப், எதிர் நாற்காலியில் காக்காய்க்குப் பதில் அவள்.

அதற்கப்புறம் தினமும் அப்படித்தான். அவளும் சீக்கிரம் வந்துவிட ஆரம்பித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். இடையிடையே யார் வீட்டு மாப்பிள்ளை, யார் கொலுசு எல்லாம் திரும்ப வந்தது. மலை மஞ்சளாகி, செம்மண்ணாகி, கறுக்கும். ஃபைலைக் கவிழ்க்கப் போனவன், அதன் அட்டைக்கு நீலம் எடுப்பாக இருக்குமா பச்சை எடுப்பாக இருக்குமா என்று படுத்துக்கொண்டு யோசித்தேன். அந்த ஃபைல் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரே வேண்டுதல்தான், காரணம் மட்டும் மாறிவிட்டது.

பங்குனி கடைசியில் ஒரு முக்கியமான பகுதி வந்தது. அம்மாவை விட்டுப் பிரிய அழும் பிள்ளையைப் பழக்குவது எப்படி. அவள் சொன்னாள், நான் அடித்தேன்.

இனியன் பள்ளிக்கு வந்த புதிதில் வாசலிலேயே புரண்டு அழுவானாம். சாப்பிட மாட்டேன் என்று டிபன் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிடுவானாம். அவனுடைய அம்மா, மீன் தொட்டியைக் காட்டிவிட்டு அவன் பார்க்காத நேரம் நழுவிப் போய்விடுவாராம். அதிலிருந்து அவன் மீனைக் கண்டாலே அழ ஆரம்பித்துவிட்டான். ஜினமதி முதலில் அதை நிறுத்தினாள். சொல்லாமல் போகவே கூடாது. போகும்போதெல்லாம் ஒரே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். போய்ட்டு வர்றேன், மணி அடிக்கறதுக்குள்ள வந்துடுவேன். சொன்னபடி வந்துவிடவும் வேண்டும். முதலில் கொஞ்ச நேரம் போய்வர வேண்டும், அப்புறம் கொஞ்சம் கூடுதலாக. அம்மாவின் துப்பட்டா ஒன்றைப் பிள்ளையிடம் கொடுத்து வைக்கலாம். அதைத் துவைக்கக் கூடாது, வாசனை போய்விடும். நீலப் பாயில் உட்காருகிறாயா, சிவப்புப் பாயில் உட்காருகிறாயா என்று கேட்க வேண்டும். எந்தப் பாயைச் சொன்னாலும் உட்காரத்தான் போகிறான், ஆனால் முடிவு அவனுடையதாக இருக்கும். சமத்து என்று பொத்தாம்பொதுவாகப் பாராட்டாமல், அவன் என்ன செய்தானோ அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். அழாமல் டாட்டா சொல்கிற அன்றைக்குச் சட்டையில் ஒரு ஸ்டார்.

அடித்து முடித்ததும் எனக்கு அந்தப் பையன்மேல் இருந்த கோபமெல்லாம் போய் இரக்கம் வந்துவிட்டது.

"பாவம் மதி. எல்லாருமா சேந்து அவன ஏமாத்தறீங்க."

"ஏமாத்தலீங்க. பழக்கறோம்."

"அது அவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன, தெரியலன்னா என்ன. அழுகை நின்னுடுதில்ல."

சின்னப் பிள்ளைகள் எவ்வளவு சுலபமாக விழுந்துவிடுகிறார்கள் என்று வியந்துகொண்டே அதைச் சேமித்தேன்.

சித்திரை பிறந்தது. நீல அட்டை போட்டு, நானே ஸ்பைரல் பைண்டிங் செய்து, நானே கொரியரில் போட்டேன். இனி மாடியில் உட்கார என்ன சாக்கு என்று பயந்தேன். நல்லவேளை, அவள் பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவளுக்கு வெளி வேலைகள் கொஞ்சம் அதிகமாகின. தேரடித் தெருவுக்குத் துணி எடுக்கப் போவாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வர்றேங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்" என்பாள். சொன்னபடி வந்துவிடுவாள். அடுத்த வாரம் அக்காவைப் பார்க்கக் கீழ்பென்னாத்தூர் போனாள். பகல் முழுக்கக் காணோம். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சூரியன் மலையின் தோளில் இருக்கும்போது கேட் சத்தம் கேட்டது.

அதற்கடுத்த தடவை அக்கா வீட்டிலேயே தங்கினாள். மறுநாள் பொழுது சாயறதுக்குள்ள என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நானே ரவையை வறுத்து உப்புமா கிளறி, மாடியில் தனியாகச் சாப்பிட்டேன். உப்புமா சுமார்தான். எதிர் நாற்காலியைப் பார்க்காமல் மலையைப் பார்த்தேன். மலையும் கறுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. ஆனால் நாளைக்கு வந்துவிடுவாள் என்ற நினைப்பு கூடவே இருந்தது. வந்ததும் அடுப்பங்கரையைப் பார்த்தாள்.

"நீங்களே அடுப்பு பத்தவச்சு, வாணலிய தேச்சு, தட்டக் கழுவிக் கவுத்து வச்சிருக்கீங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஒரு முழம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது. அடுத்த நாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் உப்புமாவுக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று சொன்னேன்.

வைகாசியில் ஃபைல் தேறிவிட்டது. மெயில் வந்ததை முதலில் படித்தவன் நான்தான். அவளிடம் சொல்லும்போது என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு மாடியில் இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று என் நாக்கு துடித்தது. அதற்குள் அவள் கேட்டாள்.

"கோயம்புத்தூருக்குச் சனிக்கிழமை கெளம்பவா, ஞாயித்துக்கிழமை கெளம்பவா? நீங்களே சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை" என்றேன் உடனே. ஒரு நாளை அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன். அன்று இரவு முழுக்க எனக்கு ஒரே வெற்றிக் களிப்பு.

ஞாயிறு காலை பெட்டியை எடுத்துவைக்கும்போது, மார்கழிப் பனிக்கு அவள் போர்த்திக்கொள்ளும் பழைய சால்வை மாடி நாற்காலியில் கிடந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எடுத்து வந்தேன். அங்கேயே இருக்கட்டும் என்றாள். வெயில் காலத்தில் சால்வை எதற்கு என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க. துவைக்காதீங்க. நான் வந்து துவைச்சுக்கறேன்."

எனக்கு வேலை வைக்கக் கூடாது என்று நினைக்கிறாளே என்று மனசு இளகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் தமிழ்செல்வி வந்திருந்தாள். டீச்சரை வழியனுப்ப இனியனும் அவன் அம்மாவும்கூட வந்திருந்தார்கள். என் எதிரியை அன்றுதான் முதல் தடவையாக நேரில் பார்த்தேன். என் முட்டி உயரம் இருந்தான். சட்டையை ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருந்தான். ஜினமதி குனிந்து அவனிடம் ஏதோ சொன்னாள். அவன் அழாமல் டாட்டா காட்டினான். அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதிலிருந்து மினுமினுப்பான ஒரு ஸ்டாரை உரித்து அவன் சட்டையில் ஒட்டினாள்.

சேலம் வழியாகப் போகிற பஸ். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னலுக்குக் கீழே நின்றேன். தமிழ்செல்வி பக்கத்தில் நின்று, அண்ணன் எவ்வளவு தைரியமாக இருக்கிறார் பார் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையிலேயே தைரியமாகத்தான் இருந்தேன். கண்டக்டர் விசில் ஊதினார்.

"போய்ட்டு வர்றேங்க" என்றாள் ஜினமதி. "மூணு மாசம் முடிஞ்சதும் ஒரு நாள், பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்."

"சரி. பத்திரம். டாட்டா" என்றேன்.

அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பிடித்துக்கொள்ளத்தான் நீட்டுகிறாள் என்று நானும் நீட்டினேன். என் கையைத் தாண்டிப் போய், சட்டைப் பைக்கு மேலே எதையோ வைத்து அழுத்தினாள். குனிந்து பார்த்தேன். ஸ்டார்.

ஒரே வார்த்தைகள். முதலில் தேரடித் தெரு, அப்புறம் கீழ்பென்னாத்தூர். சனியா, ஞாயிறா. துவைக்காத சால்வை. வாணலியைத் தேய்த்ததற்குப் பாராட்டு. எல்லாம் நான் அடித்த பக்கம். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் என் பத்து விரலாலும் அடித்த பக்கம்.

"மதி, எப்போலேர்ந்து இது?"

"நீங்க தட்டக் கவுத்து வச்சுட்டு உக்காந்தீங்களே, அன்னைக்கே." பஸ் நகர ஆரம்பித்தது. அவளும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தாள். "உங்களுக்காவது ஒரு பக்கம் இருக்குதுங்க. விட்டுட்டுப் போறவங்களுக்கு அந்த ஃபைல்ல ஒரு வரிகூட இல்ல."

பஸ் செங்கம் ரோட்டில் திரும்பி மறைந்தது. அது மறையும் வரை அடக்கி வைத்திருந்தது இப்போது மூக்கு வரை வந்துவிட்டது. தமிழ்செல்விக்குத் தெரியாமல் திரும்பி நின்றுகொண்டேன். யாரோ என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். இனியன். என் முகத்தைப் பார்த்தான், என் ஸ்டாரைப் பார்த்தான்.

"அழாதீங்க தாத்தா" என்றான். "அழுதா மிஸ் அத திருப்பி வாங்கிக்குவாங்க."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஸ்டாரை இன்னொரு தடவை நன்றாக அழுத்தி ஒட்டிக்கொண்டேன்.